ஏரம்பு மாமாவின் முந்நூறு பூசணிக்காய்கள்

சுருவில்
1.11.2024

மருமகள் சயந்தினி அவர்கட்கு,

நான் நலம். நீர் நலமோ என்று விசாரிக்கப் போவதில்லை. ஒரு தோட்டத்தையே விழுங்கி ஏப்பம் விட்ட ஆளுக்கு நலத்தில் என்ன குறை இருக்கப் போகிறது? பிறந்த நாளிலிருந்து உம்மை 'நீ' என்றே கூப்பிட்டு வந்த தாய்மாமன் இன்று 'நீர்' என்று எழுதுகிறேன். என் கோபம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அதிலிருந்து விளங்கிக்கொள்ளும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர். என் இடக்கண்ணில் வெண்படலம் எடுத்த டொக்டர், "இண்டையிலயிருந்து ரெண்டு கிழமைக்குக் குனியாதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ, முக்கியமாய்க் கத்தாதேங்கோ ஐயா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னை ஒரு கிழமை வார்ட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறார். உம்மோடு போனில் கதைத்தால் என் கண் கழன்று பறந்து ஊர்காவற்றுறைக் கடலில் போய் விழும். ஆகவே கடதாசியில் கத்துகிறேன். இதைக் கிறேஸிடம் கொடுத்து விடுகிறேன். மீன் பெட்டியோடு தினமும் சுருவிலுக்கும் உம்முடைய மண்கும்பான் விடுதிக்கும் ஸ்கூட்டியில் ஓடுகிறவள் அவள்தானே.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை கிடந்துவிட்டு இன்று காலை வீட்டுக்கு வந்தேன். முன் அறையைத் திறந்து இருமினேன். இருமல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பூசணிக்காய் கிடக்க வேண்டிய அறையில் எதிரொலி கேட்கிறது! மூலையில் நாலே நாலு காய், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சனம் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுத் தர்சினி வேலியால் போனை நீட்டிப் படம் காட்டினாள். "மாமா, இது உங்கடை காயள்தானே?" நேற்றுத் தீபாவளி. உம்முடைய விடுதிக் கேற்றில் என் பூசணிக்காய்கள் கண் முழித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, வயிற்றுக்குள் விளக்கோடு இருந்தன. பேய்த்தலைகள்!

அவை யாருக்கு வைத்திருந்தவை என்று உமக்குத் தெரியும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தவர்களுக்கு ஏழாம் நாள் விடியக் கோயிலில் பாறணைச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் பூசணிக்காய்க் கறி எங்கள் வீட்டு உபயம். ஒல்லாந்தர் கோட்டை கட்ட முதலே தொடங்கியது. இடம்பெயர்ந்து வன்னியில் மரத்துக்குக் கீழே கிடந்த வருஷங்களில்கூட இந்த ஏரம்பு ஒரு காயாவது வெட்டி, சுருவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட்டவன். வருகிற வெள்ளிக்கிழமை, எட்டாம் திகதி, நான் வெறுங்கையோடு நின்றால் சபைத் தலைவர் ஐயாத்துரை அந்த உபயத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பதினெட்டு வருஷமாய் அதற்காகவே மூச்சு விடுகிறவன் அவன்.

இது களவு. வேறு சொல் இல்லை.

இப்படிக்கு,
கொள்ளையடிக்கப்பட்ட
க. ஏரம்பு

---

மண்கும்பான்
3.11.2024

மாமா,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. நேற்றுக் கல்லறைத் திருநாள் என்று கிறேஸ் தகப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டாள். ஒரு நாள் பிந்தி வந்தும் உங்கள் கடிதத்தின் சூடு ஆறவில்லை.

முதலில் 'களவு' என்ற சொல்லைத் திருப்பி எடுங்கள். கேட்டுத்தான் எடுத்தேன். ஒக்டோபர் இருபத்தைந்தாம் திகதி, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது போன் எடுத்தேன். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

"மாமா, கனடாவிலயிருந்து நாலு குடும்பம் வந்து நிக்கப் போகினம். பிள்ளையளுக்கு ஹலோவீன் செய்து தரட்டாம். கொஞ்சம் பூசணிக்காய் தருவியளோ?"

"கொஞ்சமோ? முந்நூறு கிடக்குது பிள்ளை, முந்நூறு! அடுக்கினால் நயினாதீவுக்குப் பாலம் போடலாம். முன் அறையில கிடக்கிறது சும்மா சாம்பிள். மிச்சம் பின் கொட்டிலுக்கை கூரை முட்டக் கிடக்குது. வீட்டுத் திறப்பு பூச்சாடிக்குக் கீழ. அள்ளிக்கொண்டு போ!"

"கோயிலுக்கு வேணுமெல்லோ மாமா?"

"கோயிலுக்கு வேறை, ஊருக்கு வேறை, உனக்கு வேறை. போடி விசரி, அள்ளு!"

அள்ளினேன். இருபத்தேழு. முந்நூறில் இருபத்தேழு என்றால் உங்களுக்கு ஒரு கிள்ளுக்கீரை என்று நினைத்தேன். கொட்டிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கூரை முட்டக் கிடக்கிறது காலில் விழும் என்ற பயத்தில்.

பேய்த்தலை என்கிறீர்கள். பல் வைத்தது இரண்டு காய்க்கு மட்டும். குடைந்தது மொத்தம் பதினாறு. மூடியைச் சரிவாக வெட்டினால்தான் உள்ளே விழாது என்று யூரியூப்பில் பார்த்துப் பழகினேன். தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிச் சுவரை விரலளவு மெல்லிசாக்கினேன். ஆறு காயில் தச்சுவேலைத் துளைகருவியால் கோலப் புள்ளி போட்டேன். உள்ளே விளக்கு வைத்தால் சுவரெல்லாம் கோலம் விழுந்தது. ஒன்றில் வள்ளமும் பாயும். ஒன்றில் நண்டு, கால்கள் பனையீர்க்கு. கிறேஸ் கேட்டாள் என்று இரண்டில் சிலுவை வெட்டிக் கொடுத்தேன். நேற்று அவள் தகப்பனின் கல்லறையில் எரிந்தவை அவைதான்.

மிச்சம் பதினொன்றும் கத்தி படாத காய்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்க ஏலாது என்று சுண்ணாம்பும் மஞ்சளும் அடுப்புக் கரியும் குழைத்துக் கொடுத்தேன். தீபாவளிக்குக் கடை பூட்டியிருந்ததால் வேறு மை வாங்க முடியவில்லை. சுரண்டிய சதையில் மூன்று நேரம் கறியும் ரொட்டியும் போட்டேன். ஒரு துண்டு எறியவில்லை. பிள்ளைகள் அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். டொஃபிக்குப் பதிலாகப் பனங்கட்டிக் குட்டான் கொடுத்தேன்.

இந்த விடுதி திறந்து எட்டு மாதம். எல்லா அறையிலும் வெளிச்சம் எரிந்தது இந்தக் கிழமைதான் முதல் தடவை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்த நான்தான் விசரி.

உங்களுக்கு இன்னும் இருநூற்று எழுபத்துமூன்று கிடக்கிறதே. பாறணைக்கு அது காணாதோ?

சயந்தினி

---

சுருவில்
4.11.2024

திருமதி சயந்தினி அவர்கட்கு,

இன்று விரதத்தின் மூன்றாம் நாள். ஒரு பேணி பாலும் ஒரு கதலிப்பழமும் தவிர இந்த உடம்புக்குள் ஒன்றும் இறங்கவில்லை. இடுப்பில் வேட்டி நிற்பதே முருகனின் கிருபையால். இந்த நிலையில் இருப்பவனுக்கு உம்முடைய கடிதம் ஓரா மீன் மணக்க மணக்க வந்து சேர்ந்தது. கிறேஸைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தி, கடிதத்தைக் குறட்டால் பிடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூன்று நாழிகை வெயிலில் காயப் போட்டுத்தான் வாசித்தேன். நண்டு, வள்ளம், கோலம்! நான் தண்ணீர் இறைத்து இறைத்துக் கூன் விழுந்து வளர்த்த காய்களுக்கு நீர் நகை நட்டுப் போட்டுப் பார்த்தீராக்கும்.

இது போதாதென்று கிறேஸ் கேற்றுக்கு வெளியே நின்று சிரிக்கிறாள்.

"அண்ணை, பிள்ளை உங்கடை முகத்தையும் ஒரு காயில கீறி வைச்சிருக்குது, தெரியுமோ?"

"என்ரை முகத்தையோ?"

"ஓம். மூக்குக்கண்ணாடி கரியால. மீசை பனந்தும்பு. அச்சொட்டு நீங்கள்தான். கனடாப் பிள்ளையள் அதுக்குப் பக்கத்தில நிண்டுதான் கூடப் படம் எடுத்ததுகள்."

இந்த மீசையைக் கண்டு ஒரு காலத்தில் வேலணைச் சந்தியில் பஸ் நின்றது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டத் தேவையில்லை. அந்த மீசையைத் தும்பில் செய்து, கேற்றில் குந்த வைத்து, ஊரார் பார்க்கக் காட்சிப் பொருளாக்கினீர்! என் கண் தையல் ஒன்று அந்த இடத்திலேயே தெறித்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

போனில் நான் சொன்னதைச் சாட்சிக்கு இழுக்கிறீர். பெரிய மனிதன் பெரிதாகத்தான் கதைப்பான். அவன் கதைத்தால் அதிலுள்ள அன்பை எடுக்க வேண்டும், பூசணிக்காயை எடுக்கக் கூடாது. இதுகூட விளங்காமல் பட்டப்படிப்பு எதற்கு?

நான் சும்மா இருக்கவில்லை. விரதம் தொடங்கிய அன்றே கோயில் வீதியில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். முருகனுக்கு வைத்திருந்ததை என் மருமகள் கொண்டுபோய்ப் பேய்க்குப் படைத்துவிட்டாள், இந்த வருஷம் கறி குறைந்தால் மண்கும்பானில் போய்க் கேளுங்கள் என்று. ஐயாத்துரை வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதுதான் உமக்குப் பாடம்.

க. ஏரம்பு
(பசியோடு)

---

மண்கும்பான்
5.11.2024

நீங்கள் கொடுத்த பாடம் வந்து சேர்ந்தது.

விடுதியில் சமைக்கிற நிலாந்தினி இன்று வரவில்லை. உங்கள் ஊர்ப் பெண். தாய் போனில் சொன்னாள்: "கோயில் சாமானைப் பேய்க்கு வைச்ச வீட்டில என்ரை பிள்ளையைச் சமைக்க விடமாட்டன், தங்கச்சி. குறை நினையாதையும்." குறை நினைக்காமல் பதினாறு பேருக்கு நானே புட்டு அவித்தேன். பால்காரரும் கேற்றுக்கு வெளியே போத்தலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதுகூடப் பரவாயில்லை. டிசம்பருக்கு மூன்று கிழமை முழு விடுதியையும் எடுத்திருப்பவர்கள் உங்கள் சுருவில் ஆட்கள்தான். ரொறொன்ரோவில் இருக்கிறார்கள். நேற்று அழைப்பு வந்தது. "ஊரில ஏதோ பிரச்சினையாமே. நாங்கள் ஒருக்கா யோசிச்சுப்போட்டுச் சொல்லுறம்." நீங்கள் கோயில் வீதியில் சொன்னது இரண்டு நாளில் கடல் தாண்டிப் போய்விட்டது. அந்த டிசம்பர் இல்லாவிட்டால் தை மாதம் நான் விடுதியைப் பூட்ட வேண்டியதுதான். எட்டு மாதம் என் கையால் வெள்ளையடித்த சுவர் மாமா. நான் அவர்களிடம் என்ன சொல்ல? என் மாமா பெரிய மனிதன், பெரிதாகத்தான் கதைப்பார் என்றா?

இனி நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

உங்கள் பின் கொட்டிலை எட்டிப் பார்க்கச் சொல்லிக் கிறேஸிடம் கேட்டிருந்தேன். கூரை முட்டப் பூசணிக்காய் இல்லையாம். ஒரு பழுதான தண்ணீர்ப் பம்பும் ஒரு கோழியுமாம். முந்நூறு எங்கே?

இன்னொன்றும் அவள் சொன்னாள். கோயிலுக்கு இந்த வருஷம் நூறு காய் தருவதாக நீங்கள் சபையில் சொல்லியிருக்கிறீர்களாம், புரட்டாதியிலேயே. முன் அறையில் கிடந்ததை நான் என் கையால் தூக்கினேன். இருபத்தேழு எடுத்தேன், நாலு விட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. நான் ஒன்றையும் தொடாமல் விட்டிருந்தாலும் நூறுக்கு எங்கே போயிருப்பீர்கள்?

எங்கேயும் போயிருக்க மாட்டீர்கள். வழி தெரியாமல் நின்றிருப்பீர்கள். நான் விடுதி வான் வண்டியைக் கொண்டுவந்தேன். பழியைத் தூக்கி அதில் ஏற்றிவிட்டீர்கள். உங்களுக்கு என்னில் கோபமே இல்லை மாமா. உங்களுக்கு என்னைக் கண்டது நிம்மதி. எனக்குத்தான் கோபம். எனக்கு டொக்டர் தடை ஒன்றும் இல்லை, ஆனால் நானும் கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவேன்.

எந்த இடத்தில் சொன்னீர்களோ அதே இடத்தில் போய் முப்பத்தொன்று என்று சொல்லுங்கள்.

சயந்தினி

---

சுருவில்
6.11.2024

பிள்ளை,

கிறேஸ் சொன்னது பொய். கோழி இரண்டு.

இந்த வரிக்குப் பிறகு மூன்று தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அறையெல்லாம் கடதாசி. நாற்பது கொப்பி முடிந்தது. சரி, ஒரு கொப்பியில் பாதி.

ஆனியில் கிணறு உவராகிப் போனது. வாயில் வைத்தால் கடல். அந்தத் தண்ணீரைத்தான் இறைத்தேன், வேறு எங்கே போக? பிஞ்சு எல்லாம் எலுமிச்சங்காயளவில் கருகிக் கொட்டியது. பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிக் காப்பாற்றியது கொஞ்சம். புரட்டாதிக் கூட்டத்தில் ஐயாத்துரை எல்லோரும் கேட்கக் கேட்டான்: "என்ன ஏரம்பண்ணை, இந்த முறை தோட்டம் படுத்திட்டுதாமே? உபயத்தை வேறை ஆரும் பார்க்கட்டோ?" அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நூறு தாறன்!" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. உனக்கு முந்நூறு சொன்னதும் அதே வாய்தான். அன்று கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்களே என்ற பயத்தில் இருந்தேன். நீ கேட்டதும் ஏதோ பெரிய ஆள் மாதிரி இருந்தது.

இதை உனக்கு எழுதலாம். அங்கே போய் நின்று சொல்ல ஏலாது. அறுபத்தாறு வயதில் ஒருவன் தன் எண்ணைக் குறைத்தால் அவனிடம் பிறகு என்ன மிச்சம் இருக்கும்? ஐயாத்துரை சிரிப்பான். நான் அவனை அடிப்பேன். கண் போய்விடும்.

ஏலாது பிள்ளை. கேட்காதே.

மாமா

---

மண்கும்பான்
7.11.2024

மாமா,

இன்று சூரன் போர். நீங்கள் கோயிலுக்கு வெளிக்கிட முதல் இந்த ஓட்டோ வந்து சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உள்ளே பதினொரு பூசணிக்காய். கத்தி படாதவை. சுண்ணாம்பும் மஞ்சளும் போகத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். கனடாப் பிள்ளைகளும் இருந்து தேய்த்தார்கள். ஒன்று மட்டும் கழுவக் கஷ்டமாக இருந்தது.

இவை உங்களுக்கு இல்லை, முருகனுக்கு. உங்களிடம் கிடக்கிற நாலையும் சேர்த்துப் பதினைந்து. நூறு இல்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது.

ஏலாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான் ஏலாது. என் பெயரை ஊர் ஊராகப் போய்க் கழுவ எனக்கு ஏலாது, அது பூசணிக்காய் இல்லை. நாளை விடியப் பந்தியில் நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிறேஸிடம் கடிதம் கொடுத்து விடாதீர்கள். நான் வாங்க மாட்டேன்.

சயந்தினி

---

சுருவில்
8.11.2024

பிள்ளை சயந்தினி,

இதைக் கிறேஸிடம் கொடுக்கும்போது அவள் கேட்டாள், "சொன்னனீங்களோ அண்ணை? சொல்லாட்டில் நான் கொண்டு போகன்." ஆறு நாள் விரதமிருந்தவனுக்கு மீன்காரியின் விசாரணை!

சொன்னேன்.

விடியற்காலை. மடப்பள்ளிக்குள் புகை. வெளியே பந்தியில் ஆயிரம் பேர். இல்லை, நூற்றிருபது பேர் இருக்கும். ஐயாத்துரை கொப்பியோடு நின்றான். உள்ளே சமையற்காரர் காய்களை நிரையாக வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசி என்று எழுதத்தான் விருப்பம்.

"ஒரு கதை சொல்ல வேணும்," என்றேன். "நூறு எண்டு சொன்னனான். என்னட்டை இருந்ததே முப்பத்தொண்டு. பிள்ளை கேட்டுத்தான் எடுத்தவள். முந்நூறு கிடக்குது, அள்ளு எண்டு சொன்னது நான். பேய்க்குப் படைச்சவள் எண்டு சொன்னதும் நான். அது பொய். இதில கிடக்கிற பதினைஞ்சில பதினொண்டு அவள் அனுப்பினது."

பிறகு ஐயாத்துரை கொப்பியைப் புரட்டினான்.

"நூறு எண்டு நாங்கள் எழுதேல்லை அண்ணை."

"பின்னை?"

"பத்து எண்டு எழுதினனாங்கள். நீங்கள் சொல்லுறதைப் பத்தால பிரிக்கிறதுதானே வழமை. உங்கடை அப்பர் காலத்திலயும் அப்பிடித்தானாம். இப்ப ஐஞ்சு கூட வந்திருக்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஆள் நான் ஒருவன்தான். எனக்கு வந்த கோபத்தில் மூலவர் திரும்பிப் பார்த்திருப்பார். என் எண்ணைப் பத்தால் பிரிக்கத் தெரிந்த ஊர், உன் மேல் நான் போட்ட பழியை மட்டும் ஒரு துண்டும் பிரிக்காமல் முழுசாக எடுத்து விழுங்கியிருக்கிறது! அதைத்தான் கேட்டேன். "நூறைப் பிரிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இதைப் பிரிக்கத் தெரியேல்லையோ?" மெதுவாகத்தான் கேட்டேன், டொக்டர் மேல் ஆணை. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நிலாந்தினியின் தாய் மூன்றாவது நிரையில் இருந்தாள். இலைக்கு முன்னால் போய் நின்று அவளுக்குத் தனியாகவும் சொன்னேன். திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புவதாகச் சொன்னாள், முகத்தைப் பார்க்காமல். டிசம்பர்க்காரரின் தமையனும் பந்தியில் இருந்தார். எல்லாம் கேட்டார். கனடாவுக்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுத வாய் வருகிறது, கையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய காய்களில் ஒன்றில் தும்பு மீசை போயிருந்தது, மூக்குக்கண்ணாடியின் கரி முழுதாகப் போகவில்லை. சமையற்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தியை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டும்," என்றேன்.

நல்ல சதை. உவர்த் தண்ணீர் குடித்த காய் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஊரில் நான் சொன்ன எண்ணைப் பிரிக்காமல், அப்படியே நம்பி, வானைக் கொண்டுவந்த ஒரே ஆள் நீதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் மாட்டாது.

பதினைந்தாம் திகதியோடு டொக்டர் சொன்ன இரண்டு கிழமை முடிகிறது. அன்றிலிருந்து கத்தலாம், பாரமும் தூக்கலாம். காலை பஸ்ஸில் நேரே மண்கும்பானுக்கு வந்து, உன் கேற்றில் நின்று, என் மீசைக்கு நீ செய்த அநியாயத்துக்காக ஒரு மூச்சுக் கத்தப் போகிறேன். நீயும் திருப்பிக் கத்தலாம். அழ வேண்டாம்.

மடப்பள்ளியில் பதினாலு காயோடு கறி போதும் என்று விட்டார்கள். கையில் பூசணிக்காய் கொண்டு வருவேன்.

ஒன்று. எண்ணிப் பார்த்து வாங்கு.

மாமா